காசுக்கு முன்னால் கடதாசி

கொடகவெல, கஹவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தங்கச்சிமார் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த நாட்டுக்குப் போனா நல்லது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்க வீட்டுக் காசு எங்க இருக்கு?" என்று. அம்மாவின் கழுத்தில் இருக்கிறதா, சீட்டில் இருக்கிறதா, அப்பாவின் ஈ.பி.எப்.பில் இருக்கிறதா, கொழும்பில் கடை வைத்திருக்கும் மாமாவின் கணக்கில் இருக்கிறதா? இதற்குப் பதில் வந்தால்தான் நாட்டைப் பற்றிப் பேசலாம். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமான ஆதாரம் கேட்கிறது. உன் வீட்டால் எந்த ஆதாரத்தை உண்மையாகக் காட்ட முடியுமோ, அதைக் கேட்கும் நாட்டைத்தான் நீ தேட வேண்டும். ஊர்ப்பிள்ளைகள் பேஸ்புக்கில் போடும் பனிப்படத்தைப் பார்த்து நாடு பிடிக்கப் போனால், பாதி வழியில் நகையும் போய், விண்ணப்பக் கட்டணமும் போய் நிற்கவேண்டி வரும்.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுத் தலை சுற்றினால் கொஞ்சம் உட்கார்ந்துகொள்.

பிரித்தானியாவுக்கு மாணவர் விசா எடுக்கிறவர், முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் கட்டாத மீதியையும், ஒன்பது மாதச் சாப்பாட்டு, வாடகைச் செலவையும் வங்கியில் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் அந்தச் செலவு லண்டனில் மாதம் 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண். வெளியூர் என்றே வைத்துக்கொள்வோம்: ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண். இன்றைய மாற்று விகிதத்தில் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும். கட்டணம் 14,000 பவுண், அதில் 6,000 முற்பணமாகக் கட்டியாகிவிட்டது என்றால், மீதி 8,000த்தையும் கூட்டி 18,539 பவுண் கணக்கில் கிடக்க வேண்டும். 70 இலட்சத்துக்கு மேல்.

2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் வருகைக்கான படியோடு சேர்த்து 1,750 ரூபாய் என்று அறிவித்தார்கள். மாதம் 25 நாள் முழுப் பேர் விழுந்தாலும் 43,750 ரூபாய்தான். ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும், அந்த ஒன்பது மாதச் செலவுத் தொகைக்கு மட்டும் ஒருவருக்கு எட்டு வருடம் பிடிக்கும். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விசா அதிகாரிக்கும் இந்தக் கணக்குப் போடத் தெரியும். லயத்து வீட்டு முகவரியும் தோட்டத் தொழிலாளி என்ற தொழிலும் உள்ள அம்மாவின் கணக்கில் திடீரென்று 70 இலட்சம் விழுந்தால், "இது எங்கிருந்து வந்தது?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதிலை இப்போதே எழுதத் தொடங்க வேண்டும். அதைத்தான் காசுக்கு முன்னால் கடதாசி என்கிறேன்.

காசு வந்த வழி

நம் வீடுகளில் காசு இல்லாமல் இல்லை. அண்ணன் கொழும்பில் உழைக்கிறான், சித்தி குவைத்தில் இருக்கிறார், மாமாவுக்கு மாணிக்கக் குழியில் பங்கு. இரத்தினபுரி மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: குழியில் கல் பட்டால் பங்கு கையில் காசாகத்தான் வரும், கடதாசியே இருக்காது. சீட்டுக் காசும் அப்படித்தான். சித்தி உண்டியலில் அனுப்பினால் அதுவும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த காசு உண்மையானது. ஆனால் அது வந்த பாதை எங்கும் பதிவாகவில்லை.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது: சித்தியிடம் சொல்லி உண்டியலை நிறுத்து, வங்கி வழியாக அனுப்பச் சொல். மாதா மாதம் அவர் பெயரோடு விழுகிற வரவு, ஒரு வருடத்தில் நல்ல சாட்சியாகிவிடும். சீட்டு எடுத்தால் அன்றைக்கே வங்கியில் போடு. சீட்டுக்காரரிடம் ஒரு கடிதமும் வாங்கி வை. நகையை விற்றால் கடைப் பற்றுச்சீட்டு, அடகு வைத்தால் அடகுச் சீட்டு, இரண்டையும் ஒரு பைலில் போடு. கல் விற்ற காசு என்றால், உரிமம் உள்ள வியாபாரிக்கு விற்று, விற்றதற்கு எழுத்தில் ஏதாவது வாங்கச் சொல். மாமா சிரிப்பார். சிரிக்கட்டும்.

பெரிய தொகை ஒரே நாளில் விழுவதைவிட, சின்னச் சின்னதாகப் பல மாதம் விழுவது நல்லது. கனடாவுக்கு விண்ணப்பிப்பவர்களிடம் முந்திய நான்கு மாத வங்கிக் கூற்றைக் கேட்பார்கள். அவுஸ்திரேலியாக்காரர்கள் வருமான வரலாற்றையும் தோண்டுவார்கள். பிரித்தானியா கேட்பது 28 நாள்தான். ஆனால் அந்த 28 நாளிலும் பல பேர் விழுந்திருக்கிறார்கள். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இருபத்தெட்டு நாள்

தேவையான முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். சராசரி பார்க்க மாட்டார்கள்; ஒரு நாளின் கடைசி மீதிகூடக் குறையக் கூடாது. ஜூன் 1 முதல் ஜூன் 28 வரை காசு அசையாமல் இருந்து, கூற்றின் கடைசித் திகதி ஜூன் 28 என்றால், அதிலிருந்து 31 நாளுக்குள், அதாவது ஜூலை 29க்குள், விண்ணப்பம் போக வேண்டும். தாண்டினால் அந்தக் கூற்று செல்லாது. புதிதாக எடுக்க வேண்டும்.

காசு ரூபாயில் இருக்கும்போது இன்னொரு ஆபத்து. விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் மாற்று விகிதத்தில்தான் அதைப் பவுணாக்கிப் பார்ப்பார்கள். ஒஆண்டா என்ற இணையதளத்தின் விகிதத்தைப் பிரித்தானிய உள்துறை பயன்படுத்துகிறது. நம் வங்கி வாசலில் எழுதிப் போட்டிருக்கும் விகிதத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கும். 2022இல் ரூபாய்க்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். ஆகவே தேவைக்கு மேலே பத்து வீதமாவது கூட வைத்திரு. அந்த 28 நாளும் அந்தக் கணக்கில் ஏ.டி.எம். அட்டையைப் போடாதே, ரீலோட்கூடப் பண்ணாதே. கார்டை அம்மாவின் பெட்டியில் பூட்டச் சொல்.

நிலையான வைப்பில் உள்ள காசை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் அதையும் காட்டலாம். ஆனால் அதை ஈடு வைத்துக் கடன் எடுத்திருக்கக் கூடாது. காணி, வீடு, வேன், பங்குச்சந்தைப் பங்கு எதுவும் கணக்கில் சேராது. ஈ.பி.எப். கிடக்கிறது என்று கூற்றைக் காட்டினாலும் சேராது, ஏனென்றால் அது இப்போது கையில் எடுக்கக்கூடிய காசு அல்ல.

ஈ.பி.எப். பற்றி அக்காவின் சொந்தக் கருத்தும் ஒன்று உண்டு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை முழுசாக எடுக்கலாம். ஐம்பதைத் தொட்ட அம்மா ஒருவர் வேலையை விட்டு, பென்சனே இல்லாத தன் முதுமைக் காசை எடுத்து மகளின் விசாவுக்குப் போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கடனாக வாங்கினால்கூட மகள் உழைத்துக் கட்டலாம். கொழுந்து எடுத்தே முதுகு போனவருக்கு அந்தக் காசு திரும்ப வரவே வராது. கோபம் வந்தாலும் பரவாயில்லை, அம்மா தருகிறேன் என்றாலும் வாங்காதே.

யாருடைய கணக்கு?

பிரித்தானியாவுக்கு மூன்று பேரின் கணக்குத்தான் செல்லும்: நீ, உன் அம்மா அப்பா அல்லது சட்டப்படியான பாதுகாவலர், உன்னோடு சேர்ந்து விண்ணப்பிக்கிற அல்லது ஏற்கெனவே பிரித்தானிய விசா உள்ள உன் கணவர். மாமா, சித்தி, அண்ணன், அக்கா யாருடைய கணக்கும் செல்லாது. எத்தனை சத்தியக் கடதாசி முடித்தாலும் செல்லாது. இது தெரியாமல் மாமாவின் கூற்றைக் கட்டிக்கொண்டு போய் மறுப்பு வாங்கியவர்கள் நிறைய.

மாமா உண்மையாகவே உதவப் போகிறார் என்றால், அந்தக் காசை உன் கணக்குக்கு மாற்றட்டும். "என் மருமகளின் படிப்புக்கு இதைக் கொடுக்கிறேன், திருப்பிக் கேட்க மாட்டேன்" என்று ஒரு கடிதமும் தரட்டும். மாற்றிய நாளிலிருந்து உன் 28 நாள் தொடங்கும். இதற்கு வசதியாக, உன் பெயரும் அம்மாவின் பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்கு ஒன்றை இப்போதே திறந்து வை. உன் பெயர் அதில் இருப்பதால் உறவை நிரூபிக்க வேண்டிய பாடு குறையும்.

அம்மாவின் தனிக் கணக்கு என்றால் உன் பிறப்புச் சான்றிதழும் அம்மாவின் சம்மதக் கடிதமும் வேண்டும். இங்கேதான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. உன் பிறப்புச் சான்றிதழில் அம்மா "லெச்சுமி". அடையாள அட்டையில் "லட்சுமி". வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் வேறு எழுத்து. தோட்டத்து டிஸ்பென்சரியில் யாரோ எழுதிக் கொடுத்ததைச் சிங்களத்தில் பதிந்து, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பெயர்கள் நம்முடையவை. அப்பாவின் பெயர் சில இடங்களில் முதலெழுத்து, சில இடங்களில் முழுப்பெயர். நமக்கு இது பழகிப்போனது. கொழும்புக்கு அப்பால் உட்கார்ந்து பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் மூன்று பேர்.

பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், ஓ.எல்., ஏ.எல். பெறுபேறு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அம்மா அப்பாவின் அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு நாள் மேசையில் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாகப் பார். பிறப்புச் சான்றிதழில் திருத்தம் என்றால் கொடகவெல பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் கேள். மாதக்கணக்கில் இழுக்கும், அதனால்தான் முதலில் சொல்கிறேன். சின்ன வித்தியாசம் என்றால், "இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து வைக்கலாம். வங்கிப் புத்தகத்தை அடையாள அட்டைப்படி மாற்றுவது ஒரு நாள் வேலை. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை, உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கிறது என்றாலும் கலங்காதே. பிரித்தானியாவுக்கு உறவைக் காட்ட வேண்டியது உன்னுடைய சான்றிதழ்தான். சிங்களத்திலோ தமிழிலோ உள்ளதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்க வேண்டும். அவரிடம் பெயர் எழுத்துக்களைப் பாஸ்போட்டில் உள்ளபடியே எழுதச் சொல். பாஸ்போட் இன்னும் எடுக்கவில்லை என்றால், பெயர்த் திருத்தம் எல்லாம் முடிந்த பிறகு எடு. பத்தரமுல்லைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, மாத்தறையிலும் கிளை இருக்கிறது.

வாடகைக் காசு

"பேலன்ஸ் காட்டித் தருகிறோம்" என்று ஒரு தொழில் நடக்கிறது. உன் கணக்கில் ஒரு மாதம் காசு போட்டுவைப்பார்கள், கூற்று எடுத்ததும் வட்டியோடு எடுத்துக்கொள்வார்கள். நம் பக்கம் வரை தரகர்கள் இதற்கென்று ஆள் பிடிக்கிறார்கள். எல்லோரும் செய்கிறார்களே என்பாய். அந்த எல்லோரிலும் பிடிபட்டவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வங்கிக்கே எழுதி விசாரிப்பார்கள். பொய்யான ஆவணம் அல்லது ஏமாற்று என்று முடிவு செய்தால் பிரித்தானியா பத்து வருடத் தடை போடலாம். கனடா ஐந்து வருடம். அவுஸ்திரேலியா மூன்று வருடம், அடையாளத்திலேயே பொய் என்றால் பத்து வருடம். இன்னொரு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் "முன்பு மறுக்கப்பட்டதா?" என்ற கேள்வி படிவத்தில் இருக்கும். காசு குறைந்ததால் வந்த மறுப்பென்றால் அடுத்த தடவை சரிசெய்து போகலாம். ஏமாற்று என்று வந்தால், 19 வயதில் வாங்கிய முத்திரை 29 வயது வரை கூடவே வரும்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குகிறது என்று ஒரு கடையை நம்பாதே. அது வேலைக்கு ஆள் அனுப்பும் அனுமதி. படிப்புக்கு அனுப்பும் முகவர்களுக்குப் பல்கலைக்கழகமே தரகுப் பணம் கொடுக்கிறது. அதனால் உனக்கு எது பொருத்தம் என்பதைவிட, தரகு எங்கே கூட என்பதில் சிலருக்கு அக்கறை. "ஸ்டூடன்ட் விசாவில் போனால் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம்" என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். பிரித்தானியாவில் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் பட்டம் படிப்பவர் போன்ற சிலரைத் தவிர மற்ற மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.

மற்றச் செலவுகள்

காட்டும் காசு திரும்ப உன்னிடமே இருக்கும். கட்டும் காசு திரும்பாது, அதைத் தனியாகக் கணக்குப் பார். பிரித்தானிய விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண் ஆனது. சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776. ஒரு வருட முதுமாணி என்றாலும் படிப்புக்குப் பிறகு தரும் மாதங்களையும் சேர்த்து ஒன்றரை வருடத்துக்கு, 1,164 பவுண், முன்கூட்டியே கட்ட வேண்டும். கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை; அந்தச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். ஐ.ஈ.எல்.டி.எஸ். பெறுபேறு இரண்டு வருடம் செல்லும் என்பதால், காசு சேராமலேயே அவசரப்பட்டு எழுதி வீணாக்காதே.

அவுஸ்திரேலியா இன்னும் கனம். 2024 மே 10 முதல் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலர் காட்ட வேண்டும், 60 இலட்சம் ரூபாய் அளவில் வரும். கட்டணமும் விமானச் சீட்டும் வேறு. விசாக் கட்டணம் மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 டொலர், மறுத்தால் ஒரு சதமும் திரும்பாது. என் கணக்கில், முழுக் காசும் தெளிவாக இல்லாத வீடு இதில் இறங்கவே கூடாது. கனடா 2025 செப்டெம்பர் முதல் 22,895 டொலர் கேட்கிறது. அதோடு பெரும்பாலான பட்டப்படிப்பு மாணவர்களுக்கு மாகாண அத்தாட்சிக் கடிதமும் வேண்டும். டொரொன்டோவில் சொந்தக்காரர் இருப்பது விசாவுக்குக் காரணமாகாது, சாப்பாட்டுக்கு மட்டும் உதவும்.

ஜேர்மனியைப் பற்றி நம் பக்கம் யாரும் பேசுவதில்லை, எனக்கு அது புதிராக இருக்கிறது. அங்கே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூட்டம்பேர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. செலவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ உன் கைக்கே வரும். 40 இலட்சத்துக்கு மேல்தான், ஆனால் அதற்கு மேலே கல்விக் கட்டணம் என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. யார் காசு போட்டார்கள் என்ற உறவுச் சிக்கலும் குறைவு, ஏனென்றால் கணக்கே உன் பெயரில். மாமாவும் சித்தியும் அண்ணனும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்புகிற வீடுகளுக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தும். ஆனால் ஏ.எல். பாடங்களைப் பொறுத்து நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர முடியாமல் ஆயத்த வகுப்பு ஒன்று படிக்க நேரலாம். ஜேர்மன் மொழியில் பட்டம் படிப்பதற்கு மொழிக்கே ஒன்றரை வருடம் ஒதுக்க வேண்டும். இங்கே பட்டம் முடித்து முதுமாணிக்குப் போகிறவருக்கு ஆங்கிலத்தில் பாடநெறிகள் நிறைய உண்டு. பெலிஹுலோயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளே, இது உங்களுக்கு.

ஜப்பான் மொழிப் பாடசாலைகளுக்கு நம் இளைஞர்கள் நிறையப் போகிறார்கள். வருடக் கட்டணம் 7, 8 இலட்சம் யென் அளவில் வரும். 150 மணிநேரமாவது ஜப்பான் மொழி படித்திருக்க வேண்டும் அல்லது என்5 சித்தி வேண்டும். காசு கட்டும் ஆளின் வருமானச் சான்றும் வங்கி மீதியும் பார்த்துத்தான் தகுதிச் சான்றிதழ் வரும், அது வந்த பிறகுதான் விசா. வாரம் 28 மணிநேரம் வேலை செய்யலாம் என்பதை வைத்து, "அங்க போய் உழைச்சுக் கட்டலாம்" என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடு. அங்கே உழைக்கப் போவதை எந்த நாடும் காசாக எண்ணுவதில்லை.

காசே காட்டாமல்

எட்டு வருடச் சம்பளத்தைத் தேடுவதற்கு முன்னால், அதைக் கேட்காத வழிகள் இருக்கின்றன. இந்திய அரசு இலங்கை மாணவருக்கு வருடா வருடம் புலமைப்பரிசில் கொடுக்கிறது: பட்டப்படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், முதுமாணிக்கு மௌலானா ஆசாத், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி. கல்விக் கட்டணம் முழுசாக, மாதாந்தப் படி, தங்குமிடப் படி, புத்தகத்துக்குப் பணம், விமானச் சீட்டு எல்லாம் அவர்களே. மருத்துவம் இதில் இல்லை. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயமும் கல்வி அமைச்சும் விண்ணப்பம் கோரும்போது பத்திரிகையில் வரும். இந்திய மாணவர் விசாவில் வேலை செய்ய முடியாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் போய் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். நம் பிள்ளைகள் இதற்கு ஏன் குறைவாக விண்ணப்பிக்கிறார்கள் என்று எனக்கு ஆதங்கம். "இந்தியாவா, அது வெளிநாடா?" என்று உதட்டைச் சுழிப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். 40 இலட்சம் கடன் இல்லாமல் கையில் பட்டம் வருவதைத்தான் நான் பார்ப்பேன்.

நல்ல ஏ.எல். பெறுபேறு இருந்தால் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலையும் பார். பட்டம் முடித்து 2,800 மணிநேரம் வேலை அனுபவம் உள்ள அக்காமாருக்குப் பிரித்தானியாவின் செவனிங் உண்டு. முடித்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

வங்கிக் கல்விக் கடன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு வழக்கமாகப் பிணையாளர்களோ உறுதியுள்ள காணியோ கேட்பார்கள். லயத்து அறைக்கு உறுதி இல்லை, தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் இல்லை. ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கிடைத்த குடும்பங்கள் கொஞ்சம்தான். வெளிநாட்டு விசா காணியைக் கணக்கில் எடுக்காது. உள்நாட்டு வங்கி காணி இல்லாமல் காசு தராது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது நாம். ஆசிரியராகவோ அரச உத்தியோகத்திலோ இருக்கும் உறவினர் பிணை நிற்பாரா என்று பார்க்கலாம். பிணை நின்றவரின் சம்பளத்தில் வெட்டு விழாத அளவுக்குத்தான் கடன் எடு.

நேர்முகம்

அழைத்துப் பேசினால், என்ன பாடநெறி, அதில் என்னென்ன பாடங்கள், ஏன் இந்தப் பல்கலைக்கழகம், கட்டணம் எவ்வளவு, யார் கட்டுகிறார் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்காதே. உன் ஆங்கிலம் சின்ன வசனங்களில் இருந்தால் சின்ன வசனங்களிலேயே சொல். அப்பா றப்பர் வெட்டுகிறவர் என்றால் அதையே சொல். தரகர் "எஸ்டேட் சுப்பவைசர் என்று போடுங்க" என்பார். தோட்ட அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனால் கதை முடிந்தது. அப்பாவின் சம்பளச் சிட்டையும், தோட்ட அலுவலகத்தின் வருமானக் கடிதமும், சித்தியின் மாதாந்த வரவும், மாமாவின் கடிதமும் சேர்ந்தால் ஒரு தொழிலாளி வீட்டின் காசு எப்படிச் சேர்ந்தது என்று அதிகாரிக்கு விளங்கும்.

கட்டணம் கட்டும் நாள் வந்தால், பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வங்கி வழியாக நேரடியாகக் கட்டு. அனுமதிக் கடிதத்தையும் கட்டணச் சீட்டையும் காட்டினால் வங்கியே அனுப்பும். முகவரின் கணக்குக்கு ஒரு ரூபாயும் போடாதே. விசா மறுக்கப்பட்டால் முற்பணம் திரும்புமா, எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை நாளில் வரும் என்று கட்டுவதற்கு முன்னாலேயே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேள். தொலைபேசியில் சொன்னதை நம்பி இருந்துவிடாதே; பதில் எழுத்தில் வரும் வரைக்கும் முற்பணத்தைக் கட்டாதே.